இயக்குநரின் தலைக்கு மேல் ஒரு பட்டியல்

வீடு,
மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். என் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நாம் பேசிக்கொண்டதே "சாப்பிட்டீங்களா", "ஆச்சு அத்தை" என்ற அளவில்தான். அங்கே குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிச் சட்டை எடுத்து வைத்தீர்களா என்று அன்றே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டில் தீவுக்குப் படகு ஏறுவதற்கு முந்தைய வாரம் எங்கள் செயற்கைக் கால் மையத்தின் வலைத்தளத்துக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தீர்கள். யாருடைய கால் தயாராகிவிட்டதோ அவருடைய டோக்கன் எண்ணையும் எந்தக் கால் என்பதையும் நான் வரவேற்பு மேசையிலிருந்து பதிந்தால், தளத்தில் அது பட்டியலாக வரும் என்றீர்கள். பக்கத்தில் எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே சதுர அடைப்புக்குள் 'தயார்' என்று ஒரு சொல் போட்டால் போதும், பட்டியல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றீர்கள். இயக்குநர் போன வாரம்தான் அனுமதி கொடுத்தார். போட்டேன். பட்டியலும் வந்தது. உட்காரச் சொன்ன இடத்தில்தான் உட்காரவில்லை.

எங்கள் முதல் பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். மேலே இயக்குநரின் படம். கீழே அவருடைய வரவேற்புரை. அதை முழுதாகப் படித்தவர் இதுவரை அவர் ஒருவர்தான். அதற்கும் கீழே 'தயாரான கால்கள்' என்ற தலைப்பு. அந்தத் தலைப்புக்கு அடியில்தான் சொல்லைப் போட்டேன். பட்டியலோ நேரே இயக்குநரின் படத்துக்கு மேலே போய் ஏறி நிற்கிறது. இடது கால், வலது கால், முழங்காலுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே என்று வரிசையாக. அவர் போட்ட சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

"என்னம்மா இது! என் தலை மேல கால் நிக்குது!"

பட்டறையில் அத்தனை பேரும் குனிந்து ஏதோ தேடுவதுபோல் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அடுத்து அவர் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால். ஜூன் கடைசியில் அறங்காவலர்கள் பார்வையிட வருகிறார்களாம். அதற்குள் சரியாகாவிட்டால் பட்டியலையே எடுத்துவிட வேண்டுமாம். "முன்ன மாதிரி நேர்லயே வந்து கேட்டுக்கட்டும்."

நேரில் வந்து கேட்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். ஒரு தையல்காரர் வருகிறார், இடது கால் இல்லாதவர். ஊன்றுகோல்களோடு மூன்று பேருந்து மாறி வந்து, "ஆச்சாம்மா?" என்பார். மூன்று முறை "இன்னும் ஆகலைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தொலைபேசியில் கேட்கலாமே என்பீர்கள். எங்கள் ஒற்றை இணைப்பு கிடைப்பதற்குள் அவர் நான்காவது பேருந்தும் மாறிவிடலாம். போனமுறை அவர், "பரவால்லம்மா, பஸ்ஸுல உக்காந்துதானே வந்தேன்" என்றார். அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

உங்கள் வானிலை நிலையத்தின் இணைப்பில் மழையளவும் காற்றளவும்தான் போகும், மற்றதெல்லாம் படகில் வரும் காகிதம்தான் என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் காகிதத்தில் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும், பெட்டியோடு இங்கே வந்துவிட்ட என் மகளும். காலையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாள், மாலையில் வருகிறாள். ஒரு வருஷம் தீவுக்குப் போக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று சாப்பாட்டு மேசையில் சொந்தக்காரர்கள் நடுவே நீங்கள் அறிவித்தபோது, அவளும் எங்களோடு சேர்ந்துதான் அதை முதல்முறையாகக் கேட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் தீவு என்ற பேச்சே கிடையாது. நானும் பேசவில்லை, பட்டியலைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அத்தை


தீவு,
மார்ச் 19

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் நேற்றுப் படகில் வந்தது. நிலையத்தில் நாங்கள் ஆறு பேர். சாக்கைப் பிரிக்கும்போது எல்லோரும் சுற்றி நின்றுகொள்வோம். எனக்கென்று ஓர் உறை வந்தது இதுதான் முதல்முறை. கம்பளிச் சட்டை இருக்கிறது. முழங்காலுக்கு உங்கள் மையத்திலேயே யாரிடமாவது காட்டக்கூடாதா?

பட்டியல் மேலே போவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அந்தச் சொல் மேலே இருக்கிறது. எடிட்டரில் பக்கத்தைத் திறந்து, படத்துக்கு முன்னால் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழித்துவிட்டு, தலைப்புக்குக் கீழே சரியாகப் போடுங்கள். நான் இங்கே வருமுன் ஒரு சோதனைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.

வீட்டில் எல்லோரும் நலமா? நான் எழுதிய கடிதங்கள் சில உங்கள் முகவரிக்கு வந்திருக்கும். உங்களுக்கல்ல. வந்து சேர்ந்தனவா என்று மட்டும் சொன்னால் போதும்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


வீடு,
மார்ச் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும், ஏனென்றால் உங்களைத் திட்டப் போகிறேன்.

இருபத்தாறு வருஷமாக வரவேற்பு மேசையில் இருக்கிறேன். யாரை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்று எனக்குத் தெரியும். சொல்லைச் சரியான இடத்தில்தான் போட்டேன். நீங்கள் எழுதியதற்காக மறுபடியும் பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை.

சும்மா இருக்கப் பிடிக்காமல் நானே சில வேலைகள் செய்து பார்த்தேன். சொல்லைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தேன், பட்டியல் மேலே. வரவேற்புரையின் நடுவில் செருகினேன், மேலே. 'தொடர்புகொள்ள' என்ற பக்கத்தில் போட்டேன். அங்கேயும் முகவரிக்கு மேலே போய் நின்றது. வீட்டில் ஒருவர், "ரெண்டு தடவை போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். இரண்டு பட்டியல், இரண்டும் மேலே, ஒன்றின் கீழ் ஒன்றாக! நல்லவேளை, அன்று இயக்குநர் விடுப்பில் இருந்தார்.

இன்னொன்று. நான் எந்த இடத்தில் சொல்லைப் போடுகிறேனோ அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதில்லை. மற்ற வரிகளுக்கு நடுவே இருப்பதைவிட அங்கே இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. யாரோ வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன இடம் மாதிரி. இது உங்களுக்கு உதவுமா என்று தெரியாது, கண்ணில் பட்டதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்கள் வந்தன. மூன்று. அலமாரியின் மேல் இருந்தன, இப்போது அங்கே இல்லை. குப்பைக் கூடையிலும் பார்த்துவிட்டேன், இல்லை.

தையல்காரர் இந்த வாரமும் வந்துவிட்டுப் போனார். சீக்கிரம் எழுதுங்கள்.

அத்தை


தீவு,
ஏப்ரல் 14

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

முதலில் மன்னிப்பு. அதற்கடுத்து, கைதட்டல். பக்கத்தின் படத்தைக்கூடப் பார்க்க முடியாமல் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் திரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் இருந்தது. எங்கே போட்டாலும் மேலே போகிறது, இரண்டு போட்டால் இரண்டும் மேலே போகிறது, போட்ட இடத்தில் வெற்றிடம். பிழை உங்களிடம் இல்லை. என்னிடம்தான்.

அந்த நிரலில் 'எக்கோ' என்றொரு கட்டளை எழுதியிருக்கிறேன். கிடைத்ததை உடனே உரக்கச் சொல்லிவிடு என்று பொருள். ஆனால் தளம் வேலை செய்யும் விதம் வேறு. அது முதலில் பக்கம் முழுவதையும் வாசிக்கும். சதுர அடைப்பைப் பார்த்தால், அங்கே வைக்க வேண்டியதை நிரலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் பக்கத்தை வெளியே அனுப்பும். கேட்டவர் கையில் கொடுக்க வேண்டியதை என் நிரல் வாசலில் நின்று கத்திவிட்டது. பக்கம் கிளம்புவதற்கு முன்பே கத்தியதால் பட்டியல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொண்டது. கேட்டவர் கையில் மிஞ்சியது வெறும் காற்று. அதைத்தான் அது பத்திரமாகக் கொண்டுபோய் உங்கள் தலைப்புக்குக் கீழே வைத்தது. நீங்கள் பார்த்த இடைவெளி அதுதான்.

என் சோதனைப் பக்கத்தில் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்தில் பட்டியலைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத பக்கத்தில் மேலே என்றாலும் ஒன்றுதான், சரியான இடம் என்றாலும் ஒன்றுதான்.

தனித்தாளில் புதிய வரிகளை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எண்ணையும் கத்தாமல் ஒரு பையில் சேர்க்கும். கடைசியில் 'ரிட்டர்ன்' என்ற கட்டளை அந்தப் பையைக் கேட்டவர் கையில் கொடுக்கும். பழைய வரிகளை ஒரு கோப்பில் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுங்கள். ஒரு புள்ளி தவறினாலும் தளம் முரண்டு பிடிக்கும்.

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். 'வீட்டில் ஒருவர்' யாரென்று நான் கேட்கப்போவதில்லை. இரண்டு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னது பிரமாதமான யோசனை என்று அந்த ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


வீடு,
ஏப்ரல் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உட்கார்ந்துவிட்டது! 'தயாரான கால்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, சொன்ன பேச்சைக் கேட்டு, அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்துவிட்டது. இயக்குநரின் தலை காலியாகிவிட்டது. அதாவது, படத்தில்.

ஆனால் அதற்கு முன்னால் என் உயிர் போய் உயிர் வந்தது. உங்கள் தாளைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, சேமித்தேன். அவ்வளவுதான், தளம் மொத்தமும் வெள்ளை. படம் இல்லை, வரவேற்புரை இல்லை, நிர்வாகப் பக்கமும் இல்லை. வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் காலையில் இயக்குநர் வந்து பார்த்தால் என் கதை முடிந்தது.

வீட்டுக்கு வந்து தாளையும் கணினியையும் மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். வீட்டில் ஒருவர் கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர் தப்புச் செய்வதற்கு ஒரு நொடி முன்னால் பிரேக்கை மிதிப்பதே தொழிலாக இருப்பவர் அல்லவா. "நீங்க வாசிங்கம்மா, நான் திரையப் பாக்கறேன்" என்றார். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. பிறகு தாளைப் பிடுங்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். இரண்டாவது வரியின் முடிவில் உப்புத்தண்ணீர் பட்டுக் காய்ந்த கறை. அந்தக் கறைக்குள் பேனா அழுத்திய தடம் மட்டும் இருந்தது. நீங்கள் வைத்த அரைப்புள்ளியைப் படகில் கடல் குடித்துவிட்டது, மாப்பிள்ளை.

தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் வழியாகக் கோப்புக்குள் நுழைய நீங்கள் விட்டுப்போன கடவுச்சொல் இருந்ததால் பிழைத்தோம். திறந்தோம், அரைப்புள்ளியை வைத்தோம், இயக்குநர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். நாங்கள் இருவரும் மேசையைத் தட்டிக் கத்தியதில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

சாப்பிடும்போது, எக்கோ பற்றி நீங்கள் எழுதிய பத்தியை ஒருமுறை உரக்க வாசித்தேன். எனக்குப் புரிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். 'கேட்டவர் கையில் கொடுக்க வேண்டியதை வாசலில் நின்று கத்திவிட்டது' என்ற இடம் வந்தபோது எதிரில் தம்ளர் கொஞ்சம் சத்தமாக மேசையில் உட்கார்ந்தது. "இதெல்லாம் நிரலுக்குத்தான் புரியுது" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு உள்ளே போயிற்று. அந்தத் தனித்தாளை மட்டும் மறுநாள் காணவில்லை.

முழங்காலைக் காட்டினேன். மாடிப்படி ஏறாதே என்கிறார்கள். என் மேசை இருப்பது மாடியில், எங்கள் மையத்தில் மாடிப்படி மட்டும்தான் இருக்கிறது.

அத்தை


தீவு,
மே 8

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 'இயக்குநர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்' என்ற வரிக்குச் சமையல்காரர் எழுந்து நின்று கைதட்டினார். இனி கோந்து தடவிய உறையை மெழுகுத் துணியில் சுற்றித்தான் அனுப்புவேன். மாடிப்படி விஷயத்தைப் படித்து வருத்தப்பட்டேன். மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த உறைக்குள் இன்னோர் உறை இருக்கிறது. அதில் இருக்கும் விஷயம் இதுதான்: நிலையத் தலைவர் என்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். "யாரைக் கேட்கணும்?" என்றார், சொன்னேன். இங்கே வேறு யாரிடமும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. உங்களிடம்கூடச் சொல்லக்கூடாதுதான், ஆனால் உறையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு அதன் கனம் தெரிந்திருக்க வேண்டும்.

தயவுசெய்து கையில் கொடுத்துவிடுங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


வீடு,
மே 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை, மன்னியுங்கள். உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. படகு வழியில் இருக்கும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டியலைப் பார்த்து வந்தவர்கள் காலோடு திரும்பினார்கள். தையல்காரரின் எண்ணும் வந்தது. ஆனால் கடைசி நேரத்தில் பட்டறை மேஸ்திரி அந்தக் காலில், மிஞ்சிய கால் நுழையும் குழிவில் விரிசல் கண்டுபிடித்து, "இதக் குடுக்க முடியாது, புதுசா வார்க்கணும்" என்றார். உடனே அவர் எண்ணை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை. என் திரையில் எண் போய்விட்டது, என் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை தையல்காரர் வந்து நின்றார். புதுச் சட்டை. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஆகலையே" என்றேன். அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். பட்டியல் இருந்தது. அதில் அவர் எண்ணும் இருந்தது. என் திரையைப் பார்த்தேன். இல்லை. ஒரே முகவரி, ஒரே பக்கம், அவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

"உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

இயக்குநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தமுறை கத்தவில்லை. "பட்டியல் எங்க நின்னாலும் பரவால்லம்மா. பொய் சொன்னா நிக்கக்கூடாது. எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. "ஜூன் கடைசி வரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க" என்று வாதாடி நாள் வாங்கியிருக்கிறேன். அதுவரை பட்டியலுக்குக் கீழே 'புறப்படும் முன் உறுதி செய்துகொள்ளவும்' என்று போட்டிருக்கிறேன். எப்படி உறுதி செய்வார்கள்? அந்த ஒற்றைத் தொலைபேசியில்தான்.

எங்கே தப்பு, மாப்பிள்ளை? இது என் தப்பா, உங்கள் தப்பா, கடலின் தப்பா?

அத்தை


வீடு,
மே 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதத் தொடங்கியிருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். கண்டுபிடித்துவிட்டேன்! நானே!

தையல்காரர் கைப்பேசியை நீட்டிய காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால் வருகிறவர்களிடமெல்லாம் கைப்பேசியைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாளின் கைப்பேசி, மேஸ்திரியின் கைப்பேசி, கூரியர் கொண்டுவருபவரின் கைப்பேசி. எல்லாவற்றிலும் பழைய பட்டியல். என் திரையில் மட்டும் புதியது. ஊரெல்லாம் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம். அப்படியானால் என்னிடம்தான் ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். என்ன வித்தியாசம்? நான் கடவுச்சொல் போட்டு உள்ளே இருக்கிறேன். அவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

வெளியேறு என்ற பொத்தானை அழுத்தினேன். வருஷக்கணக்கில் அதை நான் அழுத்தியதே இல்லை. காலையில் வந்தால் எல்லாம் திறந்தபடி இருக்கும். அழுத்திவிட்டு, யாரோ போல முகவரியைத் தட்டினேன். என் கணினியிலேயே, என் கண்ணெதிரே, பழைய பட்டியல் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

மற்றது சுலபம். போன வருஷம் தளம் மெதுவாக இருக்கிறது என்று இயக்குநர் சொன்னதால் யாரோ ஒருவர் வந்து வேகப்படுத்தும் பிளகின் என்ற துணைநிரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அதன் அமைப்புகளை உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நகலையே நீட்டுமாம், நாள்கணக்கில். உள்ளே இருக்கிற ஆளுக்கு மட்டும் நிஜப் பக்கத்தைக் காட்டுமாம். வரவேற்புரை போன்ற மாறாத சங்கதிகளுக்கு அது சரி. கால் தயாரா இல்லையா என்பதற்கு நேற்றைய பதிலை நீட்டினால்?

முதல் பக்கத்தை நகலெடுக்காதே என்று ஒரு கட்டத்தில் குறி போட்டேன். இருந்த நகல்களை அழித்தேன். வெளியேறிவிட்டுப் பார்த்தேன்: புதிது. மேஸ்திரி, கூரியர், பெருக்குகிற அம்மாள், மூவரிடமும் கைப்பேசியைத் திறக்கச் சொன்னேன்: புதிது, புதிது, புதிது. அந்த அம்மாள், "எனக்கு எதுக்கும்மா கால் பட்டியல்" என்று கேட்டாலும் சந்தோஷமாகத்தான் காட்டினார். நிரலில் தப்பே இல்லை, மாப்பிள்ளை. உங்கள் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. கடலின் தப்பும் இல்லை.

உறைக்குள் இருந்த உறையைக் கையில் கொடுத்தேன். வாசலில் அல்ல, அவள் அறைக்குப் போய்க் கொடுத்தேன். என் முன்னால் பிரிக்கவில்லை. இதுவரை ஒன்றும் சொல்லவுமில்லை. ஆனால் நேற்று, "படகு எந்தக் கிழமைம்மா போகும்?" என்று கேட்டாள்.

உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் இன்னொன்று இருக்கட்டும்.

அத்தை


தீவு,
மே 30

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

மே 12 கடிதம் கிடைத்தது. தையல்காரரின் புதுச் சட்டை வந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போனேன்.

இரண்டு நாளாக யோசித்து எழுதுகிறேன். பிழை என் நிரலில்தான் இருக்க வேண்டும். எண்ணை நீக்கும்போது அது சேமிப்பிலிருந்து முழுதாக அழியவில்லை என்று சந்தேகப்படுகிறேன். காகிதத்தில் இதைச் சரிசெய்வது ஆபத்து, இன்னோர் அரைப்புள்ளி கரைந்தால் என்ன ஆவது? நான் ஆகஸ்டில் வந்து நானே பார்க்கும்வரை பட்டியலை எடுத்துவைத்துவிடுங்கள். தையல்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

உள்ளே வைத்த உறையைப் பற்றி நான் கேட்கக்கூடாது. கேட்கவில்லை.

பணிவுடன்,
மாப்பிள்ளை


வீடு,
ஜூன் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பட்டியலை எடுத்துவைக்கச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம், அது வெற்றிக்கொடி நாட்டிய பிறகு வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். உங்கள் நிரலின் மேல் உங்களைவிட எனக்கு நம்பிக்கை அதிகம் போலிருக்கிறது.

நேற்று அறங்காவலர்கள் வந்தார்கள். அதே நாளில்தான் தையல்காரரும் வந்தார். நான் வரச்சொல்லவில்லை. அவர் எண் காலையில் பட்டியலில் ஏறியது, அவர் பார்த்தார், புறப்பட்டார். அவ்வளவுதான். கூடத்தில் அறங்காவலர்கள் வரவேற்புரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே பட்டறையில் கால் மாட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இரண்டு நடை நடந்தார். மூன்றாவது நடைக்குக் கம்பியைப் பிடிக்கவில்லை.

பட்டறை மூலையில் தோல்வார் தைக்கிற மிதி இயந்திரம் ஒன்று இருக்கிறது. அவர் யாரையும் கேட்காமல் நேராக அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். கிடந்த துணி ஒன்றை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார். புது இடது காலை மிதியின்மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். முதலில் தடுமாறியது. பிறகு பிடித்துக்கொண்டது. கடகடவென்று அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் போயிற்று. இயக்குநர் பேச்சை நிறுத்தினார். எல்லோரும் எழுந்து பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். தையல்காரர் யாரையும் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தை முழுதாகத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "ஆச்சும்மா" என்றார்.

நான் அழுதேன். அறங்காவலர்கள் முன்னால், வரவேற்பு மேசைக்காரி, மூக்கைச் சிந்தி அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

இன்னும் முடியவில்லை. மூத்த அறங்காவலர் ஓர் அம்மாள். தையல்காரர் எப்படித் தெரிந்துகொண்டு வந்தார் என்று விசாரித்துவிட்டுத் தளத்தைத் தன் கைப்பேசியில் திறந்தார். விரலால் தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். "இவ்வளவு கீழயா வெச்சிருக்கீங்க? வர்றவங்க தேடறது இதத்தானே?" என்றார்.

இயக்குநர் அந்தக் கைப்பேசியில் தன் படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என் தலை மேலயே வெச்சுடுங்கம்மா."

சதுர அடைப்பை இழுத்துக்கொண்டுபோய்ப் படத்துக்கு மேலே விட்டேன். மார்ச் மாதம் நின்ற அதே இடத்தில் வந்து நின்றது. ஒரே வித்தியாசம், இந்தமுறை நாம் சொல்லி நிற்கிறது. என் மேசையையும் கீழ்த்தளத்துக்கு மாற்ற உத்தரவு வாங்கிவிட்டேன்; அவர் அந்த மனநிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் அல்லவா.

இந்த உறைக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. நான் எழுதியது அல்ல. நான் படிக்கவுமில்லை. கையில் கொடுத்தாள், வைத்து ஒட்டுகிறேன். மெழுகுத் துணியும் சுற்றியிருக்கிறேன்.

ஆசிகளோடு,
அத்தை


வானிலைக்கு,

வீட்டில் ஒருவர் எழுதுவது.

நலம். நீயும் நலம் என்று அம்மாவுக்கு வந்த கடிதங்களில் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வந்த மூன்றையும் சேர்த்து.

போன வருஷம் நீ என்னைத் தனியாகக் கேட்டிருந்தால், போய்விட்டு வா என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஆத்திரம்தான் இத்தனை மாதம் எனக்கு. சரி என்று சொல்லக் காத்திருந்தவளிடம் கேட்காமலே போய்விட்டாய்.

இந்தமுறை கேட்டுவிட்டாய். முடிவை யாரிடமும் சொல்வதற்கு முன்னால் என்னைக் கேட்டாய். அதனால் பதிலும் முதலில் உன் கையில்தான், அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை: இன்னொரு வருஷம் வேண்டாம். எனக்கு நீ வேண்டும். வந்துவிடு.

ஆகஸ்டில் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வருகிறேன். வீடு வரைக்கும் நீயே ஓட்டு. பயப்படாதே, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது.